ஹேங் ஆகும் லேப்டாப்: எப்படி நிற்கிறது என்பதை வைத்துப் பழுதைப் பிடிப்பது

லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதல் வைத்தியம் ஃபார்மேட்தான். அதில் சரியாகிற பழுதும் உண்டு. ஆனால் ரேம் கெட்டிருந்தாலோ, டிஸ்க் செத்துக்கொண்டிருந்தாலோ, ஃபேனில் பஞ்சு அடைத்திருந்தாலோ இரண்டு நாள் ஓடிவிட்டுப் பழையபடி நிற்கும். கெட்ட ரேமோடு விண்டோஸை மறுபடி நிறுவினால், நிறுவும்போதே கோப்புகள் சிதைந்து பதியவும் கூடும்.

"ஹேங் ஆயிடுச்சு" என்ற ஒரே புகாருக்குள் பல பழுதுகள் ஒளிந்திருக்கும். கொஞ்ச நேரம் திணறிவிட்டுத் தானே மீள்வது ஒன்று, படக்கென்று அணைந்துவிடுவது இன்னொன்று, நீலத்திரை (விண்டோஸ் விழும்போது காட்டும் பிழைத்திரை) காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆவது மற்றொன்று. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். வன்பொருள் பகுதி லினக்ஸுக்கும் அப்படியே.

எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருளை மாற்றினாலோ மதர்போர்டு போனாலோ, பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நின்றவுடன் பவர் பட்டனுக்குப் போகாதீர்கள்

உறைந்த திரையின் முன் முதல் இரண்டு நிமிடங்கள்தான் விலைமதிப்பில்லாதவை. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் அடித்தளம் உயிரோடு இருக்கிறது. திரையோ, டிஸ்க்கோ, ஏதோ ஒரு நிரலோதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவில்லை, ஸ்பீக்கரில் ஒரே ஒலித்துண்டு 'ட்ர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் முழு இயந்திரமும் உறைந்துவிட்டது. அப்போது ரேம், மின்சாரம், கிராபிக்ஸ், ஆழத்தில் இயங்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம்.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் நிற்கிறது என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். ஒரு பீப் ஒலியோடு திரை சிமிட்டும். அதில் மீண்டு வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க்.

கூடவே நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: மணி, சார்ஜர் செருகியிருந்ததா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, அடிப்பக்கம் சுட்டதா. ஐந்தாறு முறை குறித்தால் ஒரு ஒழுங்கு தென்பட ஆரம்பிக்கும்.

விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் குறிப்பு

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் வரும் பக்கத்தில், எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புப் புள்ளிகளாக இருக்கும். புள்ளிகள் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்பதைப் பார்த்து, அதற்கு முந்தைய நாள் என்ன நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். சில பழுதுகள் இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவு. கெர்னல்-பவர் 41 என்ற வரியைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த வரி சொல்வதெல்லாம் "போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை" என்பது மட்டுமே. அதன் டீடெயில்ஸ் பகுதிக்குள் பக்செக்கோட் என்ற எண்தான் (நீலத்திரையின் பிழை எண்) முக்கியம். அது 0 என்றால் நீலத்திரைக்குக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது: மின்சாரம், சூடு, அல்லது முழு உறைவு. அதே பட்டியலில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் 0 ஆக இல்லாவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது நீங்களேதான்.

பக்செக்கோடில் வேறு எண் இருந்தால் அது பத்தடிமான எண். நீலத்திரையிலும் இணையத்திலும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) இருக்கும். கால்குலேட்டரை புரோகிராமர் முறைக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். மாற்றாமல் தேடிச் சம்பந்தமில்லாத பக்கங்களில் மணிக்கணக்கில் அலைகிறவர்கள் நிறைய.

சில நொடி, ஒரு நிமிடம் திணறி, தானே மீள்கிறது

இது அநேகமாக டிஸ்க். இல்லாவிட்டால் ரேம் போதாமை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் படிப்பது எழுதுவது இரண்டும் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை என்றால், டிஸ்க் ஒரே இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயன்று தோற்கிறது. ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் எண்ணையும் பாருங்கள். நல்ல எஸ்எஸ்டியில் சில மில்லிநொடிகள்தான் இருக்கும், பழைய ஹார்டு டிஸ்க்கில் சில பத்துகள். ஆயிரங்களில் நின்றால் டிஸ்க் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறது.

உறுதி செய்ய ஈவென்ட் வியூவரில் டிஸ்க் 7, 153 வரிகளையும், டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரின் பெயரில் வரும் 129-ஐயும் தேடுங்கள். 7 என்றால் கெட்ட பிளாக். 153 என்றால் ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்தது. 129 என்றால் டிஸ்க் பதிலே சொல்லாததால் விண்டோஸ் அதை உதறி எழுப்பியது. பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ கருவியைத் திறந்து, மேலே பெரிதாக "குட்" என்று இருப்பதை நம்பாமல் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 மூன்றின் ரா மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). அது இன்றைக்கு 8, அடுத்த வாரம் 40 என்று ஏறினால் புது டிஸ்க் வாங்கப் புறப்படுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பட்டை கேபிளோ கனெக்டரோ தளர்ந்திருக்கும். என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இணையும் வேக வகை) எஸ்எஸ்டி என்றால் மீடியா அண்ட் டேட்டா இன்டக்ரிட்டி எரர்ஸ் என்ற வரி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

செக்டர் கெட்ட டிஸ்க்கில் செக் டிஸ்க் என்ற விண்டோஸ் கருவியை முழு மேற்பரப்புச் சோதனையோடு ஓட்டுவது பலர் செய்யும் தப்பு. மூச்சு வாங்கும் டிஸ்க்கை ஆறு மணி நேரம் ஓடச்சொல்லும் வேலை அது. பாதி வழியில் நின்றுவிட்டால் கோப்புகளும் போயின. முதலில் நகல், பிறகுதான் சோதனை.

என்விஎம்இ நல்ல நிலையில் இருந்தும் 129 மட்டும் வந்துகொண்டிருந்தால் மின்சேமிப்புதான் முதல் சந்தேகம். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸுக்குக் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை ஆஃப் செய்யுங்கள். எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் கருவியில் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகைக் கழற்றி, மறுபடி நேராகச் செருகி இறுக்குங்கள்.

டிஸ்க் சுத்தம், ஆனால் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் பழுதே இல்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11-உம் இருபது குரோம் டேப்களும் இருந்தால் மீதியெல்லாம் டிஸ்க்கில் போய்த்தான் உட்காரும். ரேமைக் கூட்டுவது ஒன்றே தீர்வு. சி டிரைவிலும் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

திணறுகிறது, ஆனால் எப்போதும் திணறுகிறது

டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் 0.8 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, என்ன செய்தாலும் ஏறாமல் இருந்தால் சார்ஜரைப் பாருங்கள். டெல், ஹெச்பி போன்றவற்றின் உருளைப் பின்னின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அந்த ஊசி வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, சிபியுவும் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். இதைச் 'சாஃப்ட்வேர் ஹேங்' என்று எண்ணி ஃபார்மேட் செய்தவர்கள் ஏராளம். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் விடை கிடைத்தது.

எதுவும் சொல்லாமல் படக்கென்று அணைகிறது

பக்செக்கோட் 0, நீலத்திரை இல்லை. சூடு அல்லது மின்சாரம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது.

சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோ கருவியில் சென்சார் பக்கத்தைத் திறந்து, அளவுகளைக் கோப்பில் பதியவிட்டு வேலை செய்யுங்கள். அணைந்த பிறகு கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். இன்டெல் லேப்டாப் சிபியுக்களில் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போது 45 முதல் 55 வரை இருந்தால் நம்மூர் வெயிலில் குறை சொல்வதற்கில்லை. அறையின் சூடு ஐந்து டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். கடைசி வரியில் 98 இருந்தால் சூடு. 62-இல் அணைந்திருந்தால் சிபியுவின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றிப் பயனில்லை.

சூடு என்றால் பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஃபேனைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளி போலத் தூசிப் படலம் ஒன்று படிந்திருக்கும். காற்றை அடைப்பது அதுதான். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். காற்று அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் போகும்.

பேஸ்ட் மாற்றும்போது ஹீட்சிங்கில் (சிபியுவின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும் வரிசையில் இறுக்குங்கள், தலைகீழ் வரிசையில் தளர்த்துங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டு, சில்லின் மேல் முழுதாகப் படியும்படி மெல்லிய பூச்சு போதும். பக்கத்துச் சில்லுகளின் மேல் இருக்கும் ரப்பர் போன்ற தெர்மல் பேடை மாற்றினால் அதே தடிமனில் மாற்றுங்கள். 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங் தூக்கிக்கொண்டு சிபியுவைத் தொடாது. பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிட அதிகம் சுடுகிறது என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணம். கேமிங் லேப்டாப்களில் பேஸ்டுக்குப் பதில் வெள்ளி போல மின்னும் திரவ உலோகம் இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி தெறித்தால் போர்டு காலி.

சூடு இல்லை என்றால் ஒரு நாள் பேட்டரியில் மட்டும், ஒரு நாள் பேட்டரியைப் பிரித்துச் சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். பேட்டரி 35 சதவீதம் காட்டும்போதே அணைந்தால் செல்கள் தளர்ந்துவிட்டன. திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் விழுந்து துண்டித்துக்கொள்கிறது. பவர்சிஎஃப்ஜி கருவி தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ பின்மூடி உப்பியிருந்தாலோ சோதனையே வேண்டாம். அணைத்து, பேட்டரியைக் குத்தாமல் நெம்பாமல் கழற்றிவிடுங்கள்.

சார்ஜரில் மட்டும் அணைந்தால் பின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள். விளக்கு சிமிட்டினால் பழுது டிசி ஜாக்கில், அதாவது பின் செருகும் துளையில். ஆட்டியும் ஒன்றுமில்லை என்றால் சார்ஜரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியரும் 65 வாட்தான். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் சார்ஜரை மாட்டினால் சும்மா இருக்கும்போது தெரியாது, வேலை கொடுத்ததும் தெரியும்.

ஒரு விசித்திரமான வகையையும் சொல்ல வேண்டும். ஆன் செய்ததிலிருந்து சரியாக 30 நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் அதே 30 நிமிடத்தில் இன்டெல் லேப்டாப் அணைகிறது என்றால் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற ஃபர்ம்வேர் சிதைந்திருக்கிறது. பயாஸ் சில்லில் வேறு லேப்டாப்பின் கோப்பை அப்படியே எழுதினால் இது நடக்கும். ரேமையும் ஃபேனையும் மாற்றிப் பணத்தை வீணாக்காமல், அந்தப் பகுதியைச் சுத்தமாக எழுதத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நீலத்திரை

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இது கறுப்புத் திரை. படிப்பதற்குள் மறைந்துவிட்டால் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்டை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு விழுதலுக்கும் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் ஒரு கோப்பு பதியும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் வின்டிபிஜி கருவியில் அதைத் திறந்தால் எந்த டிரைவர் நடுவில் நின்றது என்று காட்டும்.

ஒரு தடவை விழுந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண், வேறு டிரைவர் என்றால் ரேம். ஒரே எண், ஒரே டிரைவர் என்றால் அந்த டிரைவர். பக்செக்கோட் 26 மெமரி மேனேஜ்மென்ட். 122 என்றால் டிஸ்க்கிலிருந்து பக்கத்தை எடுக்க முடியவில்லை. மேலே சொன்ன டிஸ்க் சோதனைக்குப் போங்கள். 159 தூக்க நிலையில் டிரைவர் மாட்டியது. 278 கிராபிக்ஸ். 292 என்பது சிபியுவோ பிசிஐ இணைப்போ நேரடியாக வன்பொருள் பிழையைப் புகார் செய்தது. அதற்கு முதலில் சூடும் மின்சாரமும், பிறகு பயாஸ் புதுப்பிப்பு, கடைசியில் போர்டு.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. திரையில் வந்தது பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. பலர் ரேம் என்று படிக்கும் அதே பிழை, பக்செக்கோடில் 80. ஒரு ரேம்கூடக் கெட்டிருக்கவில்லை.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற நிரலை யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸோடு வரும் சோதனை அவசரத்துக்குத்தான். அதில் தேறிய ரேம் இதில் தோற்பதுண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்வி. 'ஒண்ணுதானே' என்று விடுவதற்கில்லை. பிழை வந்தால் ஒரு ரேமை மட்டும் வைத்து, பிறகு மற்றதை மட்டும் வைத்து, அதன்பின் ஸ்லாட்டை மாற்றி ஓட்டுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம், ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட். கடைகளில் ரேமின் தங்கக் காலை அழிரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் புதுப் பிரச்சினை. ஐசோபுரொபைல் தொட்ட துணியே மேல். பழைய லேப்டாப்பில் ரேம் கூட்டிய பிறகு தொடங்கிய பழுது என்றால் ஸ்டிக்கரைப் பாருங்கள். டிடிஆர்3எல் 1.35 வோல்ட், வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் 1.35 வோல்ட் மட்டும் தரும் லேப்டாப்பில் வெறும் டிடிஆர்3 ஓடாது.

கேம், வீடியோ, வீடியோ கால் நேரத்தில் மட்டும்

ஈவென்ட் வியூவரில் டிஸ்பிளே 4101 இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. முதலில் குரோமில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். பிறகு சேஃப் மோடில் டிடியு கருவியால் பழைய டிரைவரை முழுதும் துடைத்துவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள டிரைவரைப் போடுங்கள். பயாஸ் திரையிலேயே கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் டிரைவரில் பயனில்லை, பெரும்பாலும் கிராபிக்ஸ் சில்லே போய்க்கொண்டிருக்கிறது.

சூடு காட்டி ரீஃப்ளோ செய்து (சில்லின் பற்றவைப்பை உருக்கி மறுபடி ஒட்டவைத்து) தருகிறோம் என்பார்கள். சில வாரம், சில மாதம் தாங்கும். நிரந்தர வைத்தியம் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சில்லே குறையோடு வந்த காலங்களும் உண்டு. 2008-இல் என்விடியா தன் லேப்டாப் சில்லுகளின் பழுதுக்காகப் பல கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது. 2011 மேக்புக் புரோக்களின் கிராபிக்ஸ் பழுதுக்காக ஆப்பிள் 2015-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது.

மூடித் திறந்த பிறகு எழவில்லை

பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் கருப்பகுதி டிஸ்க்கில் உறங்கி அப்படியே திரும்பும். ரீஸ்டார்ட் மட்டுமே உண்மையான புதுத் தொடக்கம். பிறகு டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டுக்கு மின்சேமிப்பை எடுத்துவிட்டு, பயாஸைப் புதுப்பியுங்கள்.

தூக்கினால், திரையைச் சாய்த்தால் நிற்கிறது

கீல் பக்கத்துத் திருகுக் குமிழ்கள் உடைந்திருக்கும், அல்லது ரேமோ டிஸ்ப்ளே கேபிளோ தளர்ந்திருக்கும். திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

எல்லாம் தேறிவிட்டது, இன்னும் நிற்கிறது

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மற்றவற்றை நிறுத்தி இரண்டு நாள் ஓட்டுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். சிஸ்டம் கோப்புகளைப் பழுதுபார்க்கும் விண்டோஸ் கட்டளைகளில் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. முதலாவது சீராக்கும் மூலக் கோப்புகளிலிருந்துதான் இரண்டாவது நகல் எடுக்கும்.

பிறகு லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஒரு நாள் முழுக்க வேலை செய்யுங்கள். அதிலும் நின்றால் வன்பொருள்தான். நிற்கவில்லை என்றால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். லைவ் யுஎஸ்பி உள் டிஸ்க்கைத் தொடவே இல்லை. டிஸ்க்கும் தேறியிருந்தால்தான் ஃபார்மேட்டுக்கு முறை வருகிறது.

லினக்ஸிலும் நின்று, ரேம், சூடு, சார்ஜர், பேட்டரி எல்லாம் தேறியிருந்தால் மிஞ்சுவது போர்டு. கடைக்குக் கொடுக்கும்போது குறித்துவைத்த தாளையும் மெம்டெஸ்ட் முடிவின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்ற முடிந்தால் எஸ்எஸ்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போர்டு பழுதைப் பார்ப்பவருக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை.